ஒரு மார்க் கிரகம்

எங்கள் காலத்தில் புளூட்டோவுக்கு ஒரு மார்க். அதற்குமேல் யாரும் கொடுத்ததில்லை, அதுவும் கேட்டதில்லை. "சூரியக் குடும்பத்தின் கடைசிக் கோள் எது?" என்று வினாத்தாளில் வரும். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். வியாழனுக்குப் பாடநூலில் ஒரு பத்தி இருந்தது. சனிக்கு வளையத்தோடு படம் இருந்தது. புளூட்டோவுக்கு ஒரே வரி. அந்த வரியிலும் பாதி அங்கே அடிக்கும் குளிரைப் பற்றி. சூரியக் குடும்பப் படத்தில் ஒன்பதாவது வட்டம் பக்கத்தின் ஓரம்வரை போகும். அச்சகத்தில் தாளை வெட்டியபோது எங்கள் வகுப்பில் பலருடைய புத்தகத்தில் புளூட்டோவும் சேர்ந்து போயிருந்தது. ஆக, 2006இல் பிராக் நகரத்தில் உலக வானியலாளர்கள் கூடிச் செய்த வேலையைக் கும்பகோணத்தில் இருபது வருடம் முன்பே ஒரு வெட்டு இயந்திரம் செய்து முடித்துவிட்டது. யாரும் கண்ணீர் விட்டதாக நினைவில்லை.

அந்த ஒரு மார்க்கிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. ஹாலி வால்நட்சத்திரம் வரப்போகிறது என்று ஊரே மொட்டைமாடியில் நின்ற வருடம். எங்கள் வகுப்பில் ஒரு போஸ்ட்மாஸ்டர் மகன் இருந்தான். பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை எங்கிருந்தோ கொண்டுவந்து படிப்பான். அவன் எழுந்து, "சார், இப்ப கடைசிக் கோள் புளூட்டோ இல்ல சார், நெப்டியூன்" என்றான். வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் சொன்னது உண்மை. புளூட்டோவின் பாதை நீண்டு ஒடுங்கிய பாதை. சூரியனை ஒருமுறை சுற்றிவர 248 வருடம் எடுத்துக்கொள்கிறது. அதில் இருபது வருடம் நெப்டியூனைத் தாண்டி உள்ளே வந்துவிடும். 1979 பிப்ரவரியில் உள்ளே வந்தது, 1999 பிப்ரவரியில்தான் வெளியே போனது. அதாவது நாங்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, படித்து, வேலை தேடி அலைந்து, கல்யாணம் கட்டிக்கொண்ட காலம் முழுக்கக் கடைசிக் கோள் நெப்டியூன்தான்.

அறிவியல் வாத்தியார் நியாயமான மனிதர். பிரம்பை எடுக்கவில்லை. முழுக்கக் கேட்டுக்கொண்டு, "நீ சொல்றது சரியாக்கூட இருக்கும்டா. உனக்கு மார்க் வேணுமா, நெப்டியூன் வேணுமா?" என்றார். அவன் மார்க் போதும் என்றான். இப்போது பெரிய ஆடிட்டர்.

என் அப்பாயிக்கும் கணக்கு ஒன்பதுதான். சனிக்கிழமை தவறாமல் நவக்கிரகத்தை ஒன்பது சுற்று சுற்றும். போதாக்குறைக்கு எங்கள் ஊரைச் சுற்றி ஒன்பது பேருக்கும் தனித்தனியே ஊரும் கோயிலும் உண்டு: சூரியனார்கோயில், திங்களூர், ஆலங்குடி, கஞ்சனூர் என்று காரைக்கால் பக்கம் திருநள்ளாறு வரை. கோயிலிலும் ஒன்பது, பாடநூலிலும் ஒன்பது என்பதால் இரண்டும் ஒரே ஒன்பது என்று ஊரில் பலர் நிம்மதியாக இருந்தார்கள். "நம்ம முன்னோர் அன்னிக்கே சொல்லிட்டாங்க" என்பவர்களுக்கு இது பெரிய ஆதாரம். எண்ணிப் பார்த்தால் இரண்டு பட்டியலுக்கும் பொதுவானவர்கள் ஐந்தே பேர். கோயில் பட்டியலில் சூரியனும் சந்திரனும் இருக்கிறார்கள். நாம் நிற்கும் பூமி இல்லை. யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ மூன்றும் கிடையவே கிடையாது. அவற்றின் இடத்தில் ராகு, கேது.

ஆறாம் வகுப்புத் தலைக்கனத்தில் ஒன்பதையும் அப்பாயிக்கு ஒப்பித்தேன்.

"ராகு கேது எங்கடா?"

"அது ரெண்டும் கிரகமே கிடையாது, அப்பாயி."

"அப்ப ராகுகாலம் மட்டும் எங்கேருந்துடா வருது?"

பாடநூலில் இதற்குப் பதில் இல்லை. பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்: வானத்தில் சூரியன் போகும் தடத்தைச் சந்திரனின் தடம் வெட்டும் இரண்டு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் சூரியனும் சந்திரனும் வந்து சேரும்போது கிரகணம். உடல் இல்லை, எடை இல்லை, ஒரு பிடி மண் இல்லை. ஆனாலும் பதவி உண்டு, தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கீடு உண்டு, கல்யாணத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரம் உண்டு. புளூட்டோ 2,377 கிலோமீட்டர் குறுக்களவில் உருண்டு திரண்டு, ஐந்து நிலவுகளோடு சுற்றிவருகிறது. அதனால் இதுவரை ஒரு வளைகாப்பைக்கூடத் தள்ளிவைக்க முடிந்ததில்லை.

புளூட்டோவுக்குப் பதவி வந்த கதையே விசித்திரம். பெர்சிவல் லோவெல் என்ற பணக்கார அமெரிக்கர் செவ்வாயில் கால்வாய் இருக்கிறது என்று நம்பியவர். யுரேனஸ் கணக்குக்குச் சரியாக ஓடவில்லை, அப்பால் ஏதோ இழுக்கிறது, அது பூமியைப்போல் ஏழு மடங்கு எடை இருக்கும் என்று கணித்துத் தேடித் தேடியே 1916இல் செத்துப்போனார். அவர் அரிசோனாவில் நிறுவிய ஆய்வகத்தில், கல்லூரி வாசலை அதுவரை மிதிக்காத கான்சாஸ் விவசாயி மகன் கிளைட் டாம்போ, ஜனவரி 23, 29 தேதிகளில் எடுத்த இரண்டு படத்தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்து, 1930 பிப்ரவரி 18 அன்று நகரும் ஒரு புள்ளியைப் பிடித்தார். ஆக்ஸ்போர்டில் வெனிஷியா பர்னி என்ற பதினோரு வயதுப் பெண் காலைச் சாப்பாட்டு மேசையில் பெயர் சொன்னாள். தாத்தா ஐந்து பவுண்டு கொடுத்தார். எங்களுக்குக் கிடைத்த ஒரு மார்க்கோடு ஒப்பிட்டால் நல்ல கூலி.

அதன்பின் புளூட்டோவுக்கு இளைப்பு நோய் கண்டுவிட்டது. 1931இல் பூமியளவு எடை என்றார்கள். 1948இல் பத்தில் ஒன்று. 1976இல் நூறில் ஒன்று. 1978இல் ஜேம்ஸ் கிறிஸ்டி அதன் நிலவு சாரனைக் கண்டுபிடித்ததும் சரியாக எடைபோட வழி கிடைத்தது: சுமார் ஐந்நூறில் ஒன்று, நம் நிலாவின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒன்று. 1980இல் டெஸ்லர், ரஸ்ஸல் என்ற இருவர் இந்த எண்களை வரைபடத்தில் குறித்து, கோட்டை நீட்டி, 1984இல் புளூட்டோ அடியோடு மறைந்துவிடும் என்று விளையாட்டாக ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கணக்குப்படி, நாங்கள் கும்பகோணத்தில் மனப்பாடம் செய்தபோது புளூட்டோ இல்லாமல் போய் ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும். 1989இல் வாயேஜர் 2 நெப்டியூனுக்குப் போய் அதன் எடையைத் திருத்திய பிறகு, யுரேனஸின் கோளாறும் காணாமல் போனது. லோவெல் தேடிய பொருளே இல்லை. இல்லாததைத் தேடப்போய் இருப்பதைக் கண்டுபிடித்து, அதற்கு இல்லாததின் நாற்காலியைக் கொடுத்திருக்கிறார்கள்.

இது முதல் தடவையும் அல்ல. 1801 ஜனவரி முதல் தேதி பலெர்மோவில் பியாட்ஸி என்ற பாதிரியார் சீரிஸைக் கண்டார். அடுத்த ஆறு வருடத்தில் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா. நான்கையும் கோள்களாகவே எண்ணினார்கள். நெப்டியூன் பிறக்காத காலம் அது, கணக்கு பதினொன்று. நாற்பது வருடம் ஐரோப்பாவில் பிள்ளைகள் பதினொன்றை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். 1845க்குப் பிறகு செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் வரிசையாக வந்துகொண்டே இருக்கவும், பட்டியல் தாங்காது என்று நான்கையும் சத்தமில்லாமல் இறக்கிச் சிறுகோள் என்ற வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். வாக்கெடுப்பு இல்லை, தொலைக்காட்சி இல்லை. சீரிஸுக்காக அழுத ஒரு பிள்ளையைப் பற்றியும் நான் படித்ததில்லை.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1861இல் நுங்கம்பாக்கத்து ஆய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறிந்த முதல் சிறுகோள் என்பதால் 'ஏசியா' என்றே பெயர் வைத்தார். 1988இல் வாணியம்பாடிப் பக்கம் காவலூரில் கண்டறிந்ததற்கு ராமானுஜன் பெயர். ஒரு கண்டத்தின் பெயரையும் ஒரு கணித மேதையின் பெயரையும் சுமந்துகொண்டு இரண்டும் அமைதியாகச் சுற்றுகின்றன. பாடநூலில் இவற்றுக்கு அரை மார்க்கும் இல்லை.

புளூட்டோவுக்கும் இதே விதி வந்துகொண்டிருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை. 1992இல் ஹவாயில் டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் நெப்டியூனுக்கு அப்பால் இன்னொரு பனிப் பொருளைக் கண்டார்கள். பிறகு நூற்றுக்கணக்கில் வந்தன. 2000இல் நியூயார்க்கின் ஹேடன் கோளரங்கம் புதுக் கட்டடத்தில் கோள்களின் வரிசையிலிருந்து புளூட்டோவை எடுத்துவிட்டது. இயக்குநர் நீல் டிகிராஸ் டைசனுக்குப் பள்ளிப் பிள்ளைகள் கோபக் கடிதம் எழுதினார்கள். 2005இல் மைக் பிரவுன் குழு ஏரிஸை அறிவித்தது. புளூட்டோவைவிட அதற்கு எடை அதிகம். இதைப் பத்தாவதாகச் சேர், அல்லது ஒன்பதாவதை இறக்கு. வேறு வழியில்லை.

பிராக் கூட்டத்தை நான் பார்த்தது சென்னையில் ஆபீஸ் கேண்டீன் டிவியில், அரை நிமிடம். பிற்பாடு படித்தபோதுதான் அதன் அழகு தெரிந்தது. முதலில் ஏழு பேர் குழு ஒன்று, உருண்டையாக இருந்தால் கோள் என்று சொல்லி ஒன்பதைப் பன்னிரண்டாக்கப் பார்த்தது. சீரிஸ் திரும்பி வரும். சாரனும் உள்ளே வரும். ஒரு வாரம் சண்டை. அப்படியானால் இன்னும் பல பத்துகள் உள்ளே வருமே என்று பயந்தார்கள். கடைசி நாளில் மூன்று நிபந்தனைகள் நிறைவேறின: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையின் அக்கம்பக்கத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தேறவில்லை. ஜோசலின் பெல் பர்னல் மேடையில் ஒரு குடையையும் டிஸ்னியின் புளூட்டோ நாய்ப் பொம்மையையும் காட்டி விளக்கினார். மஞ்சள் அட்டைகள் உயர்ந்தன. கூட்டம் நடத்திய உலக வானியலாளர் சங்கத்துக்கு அப்போது ஏறத்தாழ ஒன்பதாயிரம் உறுப்பினர்கள். வாக்களித்தவர்கள் ஐந்நூறு பேரைத் தாண்டவில்லை. புளூட்டோ ஒரு குறுங்கோள், நெப்டியூனுக்கு அப்பாலுள்ள புதுவகைப் பொருள்களுக்கு முன்மாதிரி என்ற தீர்மானத்துக்கு ஆதரவு 237, எதிர்ப்பு 157, நடுநிலை 17. முதல் வரைவை எழுதிய குழுவின் தலைவர் ஓவன் கிங்கரிச் அதற்குள் ஊருக்குத் திரும்பியிருந்தார். அவர் வாக்கு விழவே இல்லை. எங்கள் தெரு வீட்டு உரிமையாளர் சங்கமே இதைவிடப் பெரிய கூட்டம் சேர்த்துத் தலைவரை மாற்றும்.

முடிவு சரி என்றே நினைக்கிறேன். நெப்டியூன் மூன்று சுற்றுச் சுற்றினால் புளூட்டோ இரண்டு சுற்று என்று தாளம் பிசகாமல் ஓடுகிறது. தாளத்தைப் போடுவது நெப்டியூன். ஆனால் தீர்மானத்தின் வாசகம் கோணல். துப்புரவு என்றால் எவ்வளவு துப்புரவு? வியாழனின் பாதையிலேயே ஆயிரக்கணக்கில் சிறுகோள்கள் கூடவே வருகின்றன. அதைவிட வேடிக்கை, சூரியனைச் சுற்றினால்தான் கோள் என்பது. 1995இலிருந்து பிற விண்மீன்களைச் சுற்றுபவை ஆயிரக்கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. தீர்மானத்தின் எழுத்துப்படி பார்த்தால் பிரபஞ்சத்தில் கோள்கள் எட்டே எட்டு. எல்லாம் நம் வீட்டில்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2006 ஆகஸ்ட் 24 வியாழக்கிழமை. வியாழக்கிழமை ராகுகாலம் பிற்பகல் 1.30 முதல் 3. வாக்கெடுப்பு நடந்தது பிராக் நேரப்படி பிற்பகலில். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. அப்பாயி இருந்திருந்தால் சொல்லியிருக்கும்.

சென்னையில் மறுநாள் எதுவும் நிற்கவில்லை. ஆபீஸில் ஜாதகம் பார்க்கும் சகா ஒருவர் இருந்தார். அவரிடம் கேஷியர் கவலையோடு கேட்டார்: "சார், புளூட்டோ போயிடுச்சாமே, சிம்ம ராசிக்கு ஏதாவது...?"

"அது நம்ம கட்டத்துலயே கிடையாது சார்."

"அப்ப போகட்டும் விடுங்க."

நமக்குக் கிரகச் சண்டை வேண்டுமென்றால் சொந்தமாக ஒன்று இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதப் பஞ்சாங்கமா? போக்சனிடம் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, வானத்தில் கண்ணுக்குத் தெரிவதோடு பஞ்சாங்கம் ஒத்துப்போகவேண்டும் என்று அந்தக் காலத்திலேயே வாதாடினார். நூற்றைம்பது வருடம் ஆகிறது. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச்சில் நடந்து முடிந்தது. வாக்கியப்படிதான் செய்வோம், அது 2026இல்தான் என்று திருநள்ளாறு அறிவித்தது. ஏறத்தாழ ஒரு வருடம் சனி பகவான் இரண்டு ராசியிலும் இருந்தார். பிராக்கில்கூட இப்படி ஒரு சமரசம் யாருக்கும் தோன்றவில்லை.

பதவி போன பிறகுதான் புளூட்டோவுக்கு வாழ்வு. 2006 ஜனவரியில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் கிளம்பியபோது அது கோளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏழு மாதத்தில் போகும் இடத்தின் பதவி பறிபோனது. விண்கலம் திரும்பவில்லை, உள்ளே டாம்போவின் சாம்பல் கொஞ்சம் இருந்தது. 2015 ஜூலை 14இல் சுமார் 12,500 கிலோமீட்டர் தொலைவில் கடந்தபோது வந்த படங்களைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். இதய வடிவில் ஒரு வெளிர்நிலம், அதன் ஒரு பாதி முழுக்க உறைந்த நைட்ரஜன் சமவெளி. கல்லைப்போல் இறுகிய தண்ணீர்ப்பனியில் ஆயிரக்கணக்கான மீட்டர் உயர மலைகள். நீல மூட்டம். பதவியில் இருந்த 76 வருடத்தில் அதற்கு ஒரு ஒழுங்கான புகைப்படம்கூட இல்லை. அந்த 76 வருடமும் அதன் சொந்தக் கணக்கில் நாலு மாதம்கூட ஆகாது.

பாசமும் பிற்பாடுதான் பெருகியது. நியூ மெக்சிகோ சட்டமன்றம் 2007இல், எங்கள் வானத்தைக் கடக்கும்போது அது கோள்தான் என்றது. டாம்போ பிறந்த இல்லினாய்ஸின் செனட் 2009இல் அநியாயம் என்றது. 2024இல் அரிசோனா அதைத் தன் மாநிலக் கோளாகச் சட்டம் போட்டு அறிவித்தது. மாநிலப் பறவை, மாநிலப் பூவோடு அதுவும் ஒன்று. ஏரிஸைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் தொடங்கிவைத்த மைக் பிரவுன், புளூட்டோவைக் கொன்றது நானே என்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்டு புத்தகம் எழுதினார். 2016இல் அவரே கான்ஸ்டான்டின் பாட்டிகினோடு சேர்ந்து, தொலைதூரத்தில் பெரிய ஒன்பதாவது கோள் ஒன்று இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். லோவெலுக்கு இது பிடித்திருக்கும்.

என் தம்பி மகள் 2009இல் பிறந்தவள். அவள் படித்த எந்தப் பாடநூலிலும் புளூட்டோ கோளாக இருந்ததில்லை. போன விடுமுறைக்கு வந்தவள் போட்டிருந்த கறுப்பு டி-ஷர்ட்டில் புளூட்டோவின் படம், கீழே '1930–2006', அதற்கும் கீழே மறக்கமாட்டோம் என்று ஆங்கிலத்தில். பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்: "பெரியப்பா, உங்க காலத்துல புளூட்டோ இருந்துச்சாமே? எப்படி இருக்கும்?"

சுதந்திரப் போராட்டத் தியாகியிடம் கேட்கும் குரல். எனக்கும் சொல்ல ஏதாவது இருக்கவேண்டும் என்று பட்டது.

"இருந்துச்சும்மா. ஒரு மார்க்குக்கு வரும்."

அவளுக்கு ஏமாற்றம். இன்னமும் போராட்டம் நடக்கிறது என்று ஆறுதல் சொன்னேன். 2017இல் ஆலன் ஸ்டெர்னும் சில ஆய்வாளர்களும் வேறொரு வரையறை கொடுத்திருக்கிறார்கள். விண்மீனாக இல்லாமல், தன் எடையால் உருண்டையாகிவிட்டால் போதும், எதைச் சுற்றினால் என்ன என்கிறார்கள். அது நிறைவேறினால் புளூட்டோ திரும்பி வந்துவிடும் என்றேன். சாரன், சீரிஸ், ஏரிஸ், டைட்டன், யூரோப்பா, நம் சந்திரன் எல்லாம் கூடவே வருவார்கள். சந்திரனும் கிரகம் என்றால் அப்பாயிக்கும் பாதி வெற்றி.

"மொத்தம் எத்தனை வரும், பெரியப்பா?"

"நூறைத் தாண்டும்."

"எல்லாத்தையும் வரிசையா எழுதச் சொல்வாங்களா?"

"உங்க மிஸ்ஸைப் பொறுத்தது."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "எட்டே இருக்கட்டும்" என்றாள்.

"அப்ப டி-ஷர்ட்?"

"அது வேற, பெரியப்பா."